தாவீதின் சிங்காசனமும் நான் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தையும்

வீடு சந்திப்பு ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் சகோதரிகளுக்கு,

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கடிதம் என்று எழுதினால் மூன்று வரிக்குள் முடித்துவிடுவேன். நம் போதகர் ஐயா வீட்டு அம்மா ஒரு நோட்டையும் பேனாவையும் கையில் கொடுத்து, "நீங்க பார்த்ததை எழுதுங்க, புதுசா வர்றவங்களுக்கு உதவும்" என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லியிருந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இது பரவாயில்லை. மறதியும் வந்துவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படி ஜெபிப்பது, எதை வாசிப்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கதவைத் தட்டுவதற்கு முன் அந்த வீட்டுக்காரருக்கு என்ன ஷிப்ட் என்று பார்க்க வேண்டும் என்பது நெய்வேலியில் இரண்டு வாரம் நடந்தால் தானாகத் தெரிந்துவிடும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிற மனுஷனை எழுப்பி ஜெபம் பண்ணினால் அவர் வாயில் ஆமென் வராது. வேறு ஏதாவதுதான் வரும். அதையும் நான் கேட்டிருக்கிறேன்.

நான் எழுத நினைத்தது ஒரு தப்பைப் பற்றி. நான் செய்த தப்பு.

நம் சபையில் புத்தாண்டு ஆராதனையில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள் அல்லவா? கூடையில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் கைக்கு வருவது எதுவோ அதுதான் அந்த வருஷத்துக்கு அந்த வீட்டு வசனம். ஷிப்டில் மாட்டிக்கொண்டு வர முடியாதவர்கள் நம் ஊரில் நிறைய. அவர்கள் வீட்டுக்கு அந்த வாரமே நம்மைப் போல வீடு சந்திக்கிற பைபிள் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நான் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு மூத்த ஒரு அக்காவின் பின்னால் கூடைக்காரியாகத்தான் போனேன். அந்த அக்காவுக்குக் கணீரென்ற குரல், பயம் கிடையாது. ஒரு வீட்டில் ஒருவர் அட்டையை எடுத்துப் படித்துப் பார்த்து, பிடிக்காமல் திரும்பக் கூடையில் போட்டார். இன்னொன்று எடுத்தார். அதையும் போட்டார். மூன்றாவதற்குக் கையை விட்டபோது அக்கா கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "மாத்தி மாத்தி எடுக்க இது இன்னா பொடவைக் கடையா?" என்று கேட்டார். அந்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டு முதல் அட்டையையே வாங்கிக்கொண்டார்.

அக்காவுக்கு அது முடியும். எனக்கு முடியாது. கூச்சப்படுகிறவர்கள் வாயே திறக்க மாட்டார்கள், அதனால் தப்பாகப் பேச மாட்டார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாலு பேர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்க எதையாவது சொல்லிவிடுவோம். எது சொன்னால் அவர்கள் சந்தோஷப்படுவார்களோ அதைச் சொல்வோம். உங்களில் யாராவது என்னைப் போல இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

அக்கா போன பிறகு நான் தனியாகக் கூடையைத் தூக்கிய வருஷங்களில் ஒரு ஜனவரி. சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் வேலை பார்க்கும் ஜான்சன் வீடு. பர்மனெண்ட் வேலை, அமைதியான மனுஷன். மனைவி ஷீலாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஏற்கெனவே இரண்டு பெண்கள். மூத்தவள் ஜெனி மூன்றாம் வகுப்பு, சின்னவள் மெர்சி பால்வாடி. ஜான்சனுடைய அம்மா ஞானம்மாவும் கூடவே இருந்தார். மேல்பட்டாம்பாக்கம் பக்கத்துக் காலனி. சிறு வயதிலிருந்து ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்து மகனைப் படிக்கவைத்தவர். அந்தக் குவார்ட்டர்ஸில் அவர் குரல்தான் முதலில் கேட்கும்.

ஜான்சன் கண்ணை மூடிக்கொண்டு அட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"சத்தமா படிங்க பைபிள் அம்மா. எனக்குக் காதுல வுழமாட்டேங்குது" என்றார் ஞானம்மா.

படித்தேன். தாவீது ராஜாவுக்குக் கர்த்தர் கொடுத்த வாக்கு. அவன் வம்சம் அற்றுப்போகாது, அவன் சிங்காசனம் என்றைக்கும் நிலைத்து நிற்கும் என்பது. நான் வாசித்து முடிப்பதற்குள் ஞானம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"வம்சமா? சிங்காசனமா? அப்ப பேரன்தான?"

நான் அட்டையைப் பார்த்தேன். ஜான்சன் என்னைப் பார்த்தார். ஆசையை வெளியே காட்டத் தெரியாத மனுஷன், அன்றைக்கு முகம் முழுக்க ஆசை.

"சொல்லுங்க, பேரன்தான?"

"ஆமாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பையன்தான். கர்த்தர் சொன்னா சொன்னதுதான்" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"டேய், கேட்டியாடா!" என்று ஞானம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனக்கு அன்றைக்கு இரண்டு டம்ளர் பாயசம் கிடைத்தது. சமையலறை வாசலில் ஷீலா நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன், ஆனால் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அட்டையை ஜான்சன் பிரேம் போட்டு ஹாலில் மாட்டினார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். 'ராஜா வருகிறார்' என்று கீழே எழுதியிருந்தாராம். ஷிப்டில் எல்லோரும் அவரை "ராஜாவோட அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிளெக்ஸ் கடையில் சொல்லி, கிரீடமும் சிங்காசனமும் போட்டு, 'தாவீது' என்று பெயரும் போட்டு, குழந்தை போட்டோவுக்கு மட்டும் இடம் விட்டு ஒரு டிசைனே தயாராகிவிட்டது. நம் சபைக் கோயிலில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் நன்றாகச் சொன்னீர்கள் என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் எழுத மாட்டேன்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் காலையில் ஷீலா தனியாக என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, ஸ்கேன் பாத்த டாக்டரம்மாவே பையனா பொண்ணான்னு வாயத் தொறக்கல. நீங்க எப்படிக்கா சொன்னீங்க?"

"வாக்குத்தத்தம் அப்படி வந்துச்சேம்மா..."

"வாக்குத்தத்தம் தாவீது ராஜாவுக்கு. பையன்னு நீங்க சொன்னது எனக்கு."

அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பொண்ணா பொறந்தா கர்த்தரை யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. உங்களையும் கேக்கமாட்டாங்க. எனக்கு விசுவாசம் பத்தலன்னுதான் சொல்லுவாங்க. அத்தை இப்பவே சொல்லிகினு இருக்காங்க, சந்தேகப்படாதடி, சந்தேகப்பட்டா பொண்ணா மாறிடும்னு. எனக்கு நைட்டெல்லாம் தூக்கம் வரல. என்னை எது வேணா சொல்லட்டும்கா. அந்தப் புள்ள பொறக்கறப்பவே தப்பா பொறந்த புள்ளைன்னு ஆயிடும். அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் கொடுத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

போதகர் ஐயாவிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னேன். ஐயா திட்டவில்லை. "நான் அவங்க வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்லிடறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றார். அப்பாடா என்று இருந்தது. வாசல் வரை வந்துவிட்டேன். அங்கே நின்று யோசித்தேன். ஐயா போய்ச் சொன்னால் என்ன ஆகும்? ஐயா ஒரு மாதிரி சொல்கிறார், பைபிள் அம்மா ஒரு மாதிரி சொன்னார்கள் என்று ஆகும். இரண்டில் அவர்களுக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்வார்கள். சொன்ன வாய்தான் இல்லை என்றும் சொல்ல வேண்டும். திரும்பி உள்ளே போய், "ஐயா, நானே சொல்றேன். எனக்கு அந்த ராஜாக்கள் கதையை மட்டும் ஒரு தடவை சொல்லிக்கொடுங்க" என்றேன்.

ஒரு வாரம் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். முன்னேயும் படித்ததுதான். ஆனால் பெயர்களைத் தாண்டித் தாண்டிப் போயிருந்திருக்கிறேன். இந்தத் தடவை ஒவ்வொரு பெயராக நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். ஜான்சனுக்கு வார லீவு. ஹாலில் ஷிப்ட் நண்பர்கள் மூன்று பேர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் செந்தில் என்ற தம்பி காண்ட்ராக்ட்டில் வேலை செய்கிறவர், பக்கத்துக் கிராமம், நம் சபை ஆள் இல்லை. இத்தனை பேரா என்று வாசல் கேட்டிலிருந்தே திரும்பிப் போகப் பார்த்தேன். அதற்குள் ஜெனி என்னைப் பார்த்து, "ஆயா வந்துகினு இருக்காங்க!" என்று கத்திவிட்டாள்.

நண்பர்கள் போகட்டும் என்று காத்திருக்கலாமா? அந்த நேரத்தில் அதுதான் என் மனசில் ஓடியது. ஆனால் இவர்கள்தானே 'ராஜாவோட அப்பா' என்று கூப்பிடுகிறவர்கள்? தப்பு இவர்கள் வரை போயிருக்கிறது. திருத்தமும் இவர்கள் வரை போக வேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சொன்னேன்.

"ஜான்சன், அன்னிக்குப் பையன்னு சொன்னேன் இல்ல? அது எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொன்னேன். என்னை மன்னிச்சுக்கோங்க."

பிரியாணி சாப்பிடுகிற சத்தம் நின்றுவிட்டது.

"அப்ப என் கார்டு பொய்யா?" என்றார் ஜான்சன்.

"கார்டு பொய் இல்ல. நான் சொன்னதுதான் பொய்."

ஞானம்மா விடுவாரா? "இன்னா பேசற நீ? வம்சம்னு போட்டிருக்குது. பையன் இல்லாம வம்சம் எப்படி நிக்கும்?"

"தாவீதுக்குப் பையனுங்களுக்கா பஞ்சம்? வரிசையா இருந்தானுங்க. ஒருத்தன் அப்பனையே அரண்மனையை வுட்டுத் தொரத்தினான். பேரன் காலத்துல நாடு ரெண்டா ஒடைஞ்சு போச்சு. அப்புறம் வந்தவனுங்க ஆண்டு அழிச்சானுங்க. கடைசியில எதிரி வந்து கிரீடத்தையும் எடுத்துகினு ராஜாவையும் இழுத்துகினு போயிட்டான். அத்தனை பையனுங்க இருந்தும் சிங்காசனம் காலியா கெடந்துச்சு, எத்தனையோ தலைமுறைக்கு."

இவ்வளவு நீளமாக நான் பேசியதை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை.

"அப்ப சாமி சொன்ன வாக்கு?" என்று செந்தில் தம்பி கேட்டார். எலும்பைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"காப்பாத்தினாரு தம்பி. ஆனா அரண்மனையில இல்ல. சின்ன ஊர்ல ஒரு ஏழைப் பொண்ணு கிட்ட. அவளுக்கு நிச்சயம் பண்ணியிருந்தவரு தாவீது வம்சம்தான், ஆனா தச்சு வேலை. வூட்ல சிங்காசனம் ஏது, இழைப்புளிதான் இருந்திருக்கும். அவளுக்குப் பொறந்து அந்த வூட்ல வளந்த இயேசுதான் அந்த ராஜா. மரணத்தையும் ஜெயிச்சு எழுந்தாரு, அவரு ஆளறதுக்கு முடிவே கெடையாதுன்னு நாங்க நம்பறோம்."

செந்தில் தண்ணீர் டம்ளரை எடுத்தார். "அப்ப அந்த போஸ்டுக்கு ஆள் போட்டாச்சு."

"போட்டாச்சு."

"பர்மனெண்ட்டா?"

"ரிடையர்மெண்டே இல்லாத பர்மனெண்ட்."

"யண்ணே," என்று ஜான்சன் பக்கம் திரும்பினார் செந்தில், "உன் புள்ளைக்கு அங்க வேகன்சி இல்லியாம். நீ ஒண்ணும் அவசரப்படாத."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். சமையலறையிலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. ஜான்சன் சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஜெனி என் புடவையை இழுத்தாள். "ஆயா, அப்ப நானும் மெர்சியும் அந்த ராஜா வூட்ல சேர்த்தி இல்லியா?"

பாருங்கள், இரண்டு மாதமாக ராஜா வருகிறார், ராஜா வருகிறார் என்று அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். நாங்கள் யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"சேர்த்திதான்டி. அந்த ராஜா தன் வூட்ல சேர்த்துக்கறதுக்குப் பையனான்னு பாக்கறதில்ல. ஞானஸ்நானம் கொடுத்த அன்னிக்கே உன் பேரு அங்க ஏறிடுச்சு. அந்த வம்ச அட்டவணையிலயே பொம்பளைங்க பேரு எழுதியிருக்குது. ரூத்துன்னு ஒருத்தி. வேற ஜாதி, வேற நாடு, புருஷனைப் பறிகொடுத்தவ. மாமியார் பின்னாடியே நடந்து வந்தவ. சோத்துக்கு வழி இல்லாம, அறுத்த வயல்ல வுழுந்து கெடந்த கதிரைப் பொறுக்கினா. அவதான் தாவீது ராஜாவுக்குப் பாட்டி."

ஞானம்மா சட்டென்று என்னைப் பார்த்தார். "பொறுக்கினாளா?"

"பொறுக்கினா."

"ஊரான் கொல்லையிலயா?"

"ஊரான் கொல்லையிலதான்."

"நான் மல்லாட்டை பொறுக்கியிருக்கேன். செடியைப் புடுங்கிகினு போனப்புறம் மண்ணுல தங்கிப்போன மல்லாட்டை. இந்தக் கையால" என்று வேர்க்கடலை பொறுக்கிய கையை விரித்து எல்லோருக்கும் காட்டினார். பிறகு கொஞ்சம் சந்தேகத்தோடு, "ஒரு நாளைக்கு எவ்ளோ பொறுக்கினாளாம்?" என்று கேட்டார்.

"ஒரு மரக்காலுக்கு மேலயே இருக்கும்னு ஐயா சொன்னாரு."

"மரக்காலா! கெட்டிக்காரிதான்" என்றார் ஞானம்மா. வேலை தெரிந்தவர் வேலை தெரிந்தவரைப் பாராட்டுவது போல. உடனே சமையலறைப் பக்கம் திரும்பி, "பாத்தியாடி, மாமியார் பின்னாடியே வந்தவளாம்!" என்றார்.

ஷீலா வாசலுக்கு வந்தாள். "அந்த மாமியார், பையன்தான் வேணும்னு அவ கழுத்துல கத்தி வெக்கலையே அத்தை."

செந்தில் தம்பிக்குப் புரையேறிவிட்டது. ஞானம்மாவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜான்சன் மட்டும் எழுந்து, கை கழுவி, பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. கோயிலில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை எடுத்துவிட்டார் என்று சொன்னார்கள். பிளெக்ஸ் கடைக்காரரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கோபமா, வருத்தமா, வெட்கமா, எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்ன உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நாம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அவர்கள் அதோடு வாழ வேண்டும். அந்த நாட்களில் நான் செய்தது ஒன்றுதான். வாரம் ஒரு தடவை போய் ஷீலாவைப் பார்த்துவிட்டு வந்தேன். வெயிலில் நடந்து போனால் மோர் கொடுப்பாள். தூங்குகிறேன் அக்கா என்றாள் ஒரு நாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மே மாதம் ஒரு நாள் காலையில் ஞானம்மா போன் பண்ணினார். ஷீலாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஜான்சன் முதல் ஷிப்டில் சுரங்கத்துக்குள் இருக்கிறார், சொல்லி அனுப்பியிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது ஞானம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு பேத்திகள். நான்கு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நர்ஸ் வந்தார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஞானம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"என் மருமவ ஏதாச்சும் சாப்புடலாமா?" என்று கேட்டது ஞானம்மா குரல்தான்.

குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஞானம்மா வாங்கி, அதன் சின்னக் கையைப் பிரித்துப் பார்த்தார். "பாரு, எப்படிப் புடிக்குதுன்னு. வுடவே மாட்டேங்குது. இது மரக்கால் கணக்குல பொறுக்கும்டி!" என்றார். வராண்டாவில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினார். மெர்சி தன் பங்குக்கு ஒவ்வொருவரிடமும், "எங்க பாப்பா, எங்க பாப்பா" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

அப்போது ஜான்சன் வந்தார். யூனிபார்ம் மாற்றவில்லை. புருவத்தில், காதில் எல்லாம் பழுப்பு நிலக்கரித் தூசி. பின்னால் செந்திலும் ஓடி வந்தார். வராண்டா முனையிலேயே ஜான்சன் நின்றுவிட்டார். ஜெனி ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "அப்பா, தங்கச்சி!" என்றாள்.

அவர் தன் கையைப் பார்த்தார். "கை கழுவிகினு வரேன்" என்று குழாயடிக்குப் போனார். போனவர் வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. செந்தில் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். ஒரு மனுஷன் கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அது ஒரு ஷிப்ட் நேரம் போல இருந்தது.

திரும்பி வந்தபோது முகம், கை, முழங்கை வரை சுத்தமாகத் தேய்த்துக் கழுவியிருந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது. தூசி என்றுதான் நினைக்கிறேன். அம்மாவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். விரல்களை எண்ணினார். கால் விரல்களையும் எண்ணினார். அது ஒரு கொட்டாவி விட்டது. அவ்வளவுதான், அந்த அமைதியான மனுஷன் வாய் விட்டுச் சிரித்தார்.

"நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்த மாதிரி இருக்குதுடா செந்திலு" என்றார்.

பிறகு என் பக்கம் வந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"பைபிள் அம்மா, புள்ள தலையில கை வெச்சு ஜெபம் பண்ணுங்க" என்றார். நான் கையை நீட்டும்போது, "ஜெபம் மட்டும்" என்று சேர்த்தார். "இது டாக்டராவும், கலெக்டராவும்னு ஒண்ணும் சொல்லிடாதீங்க."

வராண்டாவே சிரித்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த ஷீலாவும் சிரித்திருக்கிறாள், தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன் என்று பிறகு சொன்னாள். நான் ஜெபம் பண்ணினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆமென் மட்டும் எல்லோரும் சத்தமாகச் சொன்னார்கள். செந்தில் தம்பியும்தான்.

குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்தார்கள். ஞானம்மாவின் பிடிவாதம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கர்த்தர் சொன்னதை வாசியுங்கள். அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்காதீர்கள். வைத்துவிட்டால், வைத்தவர்களே போய், யார் யார் முன்னால் வைத்தீர்களோ அவர்கள் முன்னாலேயே எடுங்கள். வீட்டில் சிரிக்காமல் நிற்கிற ஒருவர் இருந்தால், பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் பேசுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வேண்டுகோள். உங்களில் நன்றாகப் படித்தவர்கள் இருக்கிறீர்கள். யாராவது இதை ஒரு தடவை வேதாகமத்தோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். நாடு உடைந்தது தாவீதின் பேரன் காலத்திலா, மரக்கால் கணக்கு சரிதானா என்று பாருங்கள். முக்கியமாக, ரூத் தாவீதுக்குப் பாட்டியா, பூட்டியா? எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. அந்த வீட்டில் பாட்டி என்று சொல்லிவிட்டேன், ஞானம்மா அதைப் பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். பூட்டி என்றால் எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் போக வேண்டாம், நானே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.